ஏலக்கடைக் கட்டில்

என் மகள் புரளக் கற்ற வாரமே கட்டிலிலிருந்து விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தூக்கம் போனது.

ராயபுரத்தின் பழைய ஏலக்கடையில் நாலு பக்கமும் தடுப்பு வைத்த தேக்குக் கட்டில் ஒன்று ஏலத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். முந்தின நாளே பார்க்கப் போனேன். பிடித்திருந்தது. ஆனால் அதில் யார் குழந்தை தூங்கியது, அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று?

முதலாளியிடம் கேட்டேன். தூத்துக்குடிக்காரர்.

"கடையோட கதைதாம்மா கட்டிலோட கதையும். மொதல்ல ஒரு வெள்ளைக்காரன். புள்ளைக்குன்னு இதச் செஞ்சான். ஊருக்குப் போகும்போது கணக்குப்பிள்ளைக்குக் கடைய வித்துட்டான். கணக்குப்பிள்ளை மகனுங்க சண்ட போட்டு, கடையவே இதே சுத்தியலால ஏலம் விட்டானுவ. எடுத்தது எங்கப்பா. யாரு முதலாளியோ, அவங்க வீட்டம்மா கல்லாவுல, புள்ள இதுல. அதான் விக்கவே இல்ல. இப்ப எங்க கடைக்குட்டியும் பள்ளிக்கூடம் போயிட்டான்."

"நீங்களும் இதிலேதானா?"

"ஆமா. எனக்கு என்ன கொறச்சல், பாருங்க."

பார்த்தேன். சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்தேன்.

மறுநாள் ஏலத்தில் முதல் ஆளாக விலை கேட்டேன். வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

"ஒரு தரம்..."

ஏன் யாருக்கும் வேண்டாம்? இவர்களுக்கு ஏதாவது தெரியுமோ? குறைத்துக் கேட்டுவிட்டேனோ? "ரெண்டு தரம்" என்றபோது பதற்றத்தில் கை தூக்கி விலையை ஏற்றினேன்.

முதலாளி சுத்தியலைக் கீழே வைத்தார். "அம்மா, ஒங்க வெலைக்கு மேல நீங்களே கேக்கீங்க."

பழைய ஐஸ் பெட்டிக்காக வந்திருந்த மீன்கார அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தார். "இன்னா கண்ணு, உன்னாண்டயே மல்லுக்கு நிக்கிற? குந்து. நைனா, மொத வெலைக்கே குடுத்துடு. பச்சப்புள்ளக்காரி."

அப்படியே கொடுத்தார். வண்டியில் ஏற்றும்போது தடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "விக்கிறதா இருந்தா எங்கிட்டயே வாங்க" என்றார்.

அன்று மதியம் மகள் அதில் கை காலைப் பரப்பித் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, பல நாள் கழித்து நானும் பக்கத்தில் எங்கள் பெரிய கட்டிலில் படுத்தேன். அவளுக்கு இடம் விட்டு ஓரத்திலேயே படுத்த பழக்கம். புரண்டேன். தொப்பென்று சத்தம். பாய்ந்து எழுந்து பார்த்தால் அவள் அசையவே இல்லை.

விழுந்தது நான்.