பனிநீர்ப் போத்தல்கள்

இரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் இறங்கும் மூடுபனிக்கும், அங்குள்ள பிள்ளைகளின் இழுப்பு நோய்க்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ந்துதான் நான் கலாநிதிப் பட்டம் பெற்றேன். யுத்த காலம் அது. வேலை கிடைக்கவில்லை. வானிலைக்காரர்கள் என்னை மருத்துவப் பக்கம் என்றார்கள். மருத்துவர்கள் வானிலைப் பக்கம் என்றார்கள். ஆனாலும் பனி என்னை விடவில்லை. விடியலில் மலையேறி, வலைத்துணியில் சொட்டும் பனிநீரைப் போத்தல்களில் சேர்த்து வந்தேன்.

ஒருநாள், அந்த நீரைப் பரிசோதிக்க இடம் தேடி, போத்தல்களோடு கண்டி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே மலைகள் வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தன. அரைத் தூக்கத்தில் நானும் அவற்றோடு மிதந்தேன்.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் போத்தலைத் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். பனி என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. எந்த ஒபிஸ் என்று கேட்டான். நான் எந்த ஒபிஸிலும் வேலை செய்யவில்லை. கம்பஸ் அடையாள அட்டையும் காலாவதியாகியிருந்தது.

பஸ் போய்விட்டது. என்னைச் சாவடிக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். அப்படி உட்காரவைக்கப்பட்டு வீடு திரும்பாதவர்களை நினைத்துக்கொண்டேன். கடைசியில், என் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியையின் தொலைபேசி இலக்கத்தை அதிகாரியிடம் சொன்னேன். பேராசிரியை அவர்களோடு பேசிய பிறகு என்னை விட்டுவிட்டார்கள்.

நேரே அவரிடம் போனேன்.

"இவ்வளவு நாளா ஏன் ஒரு போன் கோல்கூட எடுக்கல?"

"பட்டம் முடிஞ்சிருச்சே மேடம். இனி என்ன உரிமையில தொந்தரவு பண்றதுன்னு இருந்துட்டேன்."

"படிப்புதாம்மா முடிஞ்சிச்சு. நானாவது ஒங்கள தேடியிருக்கணும்," என்றவர், தன் ஆய்வுகூடத்தில் எனக்கொரு மேசை ஒதுக்கித் தந்தார்.

இப்போது என்னிடமும் மாணவர்கள் பட்டம் முடிக்கிறார்கள். ஒரு வேலை கிடைக்கும்வரை என் ஆய்வுகூடத்தில் மேசையும் அடையாள அட்டையும் அவர்களுக்கு உண்டு. அவ்வப்போது நானே அழைத்துப் பேசுகிறேன். முதலில் தயங்குவார்கள். பிறகு மெதுவாக, தாங்கள் காணும் ஆய்வுக் கனவைச் சொல்லத் தொடங்குவார்கள்.