தில்லைநாதனின் கொண்டைப் பல்லி

கொழும்பு வெள்ளவத்தையில் பல்லி இல்லாத வீடு கிடையாது. விளக்கைப் போட்டால் சுவருக்கு நாலு வந்து நிற்கும். அந்த ஊரில் ஒரு பல்லியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பழம் பிசைந்து ஊட்டி, ஐஸ் வைத்துக் குளிர்ச்சி பார்த்து வளர்த்தவர் தில்லைநாதன் ஒருவராகத்தான் இருக்கும். ஐம்பத்திரண்டு வயது வரை அவர் நாயோ பூனையோ கூட வளர்த்ததில்லை.

நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் நாகேந்திரம் என்ற சட்டத்தரணியின் கந்தோரில் அவர் மொழிபெயர்ப்பாளர். முதலில் காணி உறுதிகளும் சத்தியக்கடதாசிகளும்தான் வேலை. யுத்தம் முற்ற முற்ற, மறியல் சிறைகளில் இருப்பவர்களின் வாக்குமூலங்கள் மேசைக்கு வரத் தொடங்கின. சட்டைப் பையில் இருந்த ஒரு ரெலிபோன் நம்பருக்குக் காரணம் சொல்ல முடியாமல் இரண்டு வருடம் உள்ளே இருந்த ஒரு பொடியனின் வழக்கு முழுவதையும் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றியவர் அவர். எழுதி வைத்த ஒரு எண் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பது அவரைப்போல் தெரிந்தவர்கள் கொழும்பில் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்தான் பிறகு ஒரு கொப்பி நிறைய எண்கள் எழுதி வைத்தார்.

அவருடைய மனைவி நேசமலர் இறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. பிள்ளைகள் இல்லை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இரத்தினம்மா என்ற யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டில், பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார். நேசமலர் போனபின் அந்த அறையில் தானாக அசைந்தது மின்விசிறி மட்டும்தான்.

இரண்டாயிரத்து எட்டு தை மாதம், ஒரு உறுதியில் கையெழுத்து வாங்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். கையெழுத்திட வேண்டியவர் ஹமீட். வளர்ப்பு மீன் கடை வைத்திருந்தார். கடையின் மூலையில், மீன் தொட்டிகளுக்குப் பின்னால், தண்ணீர் இல்லாத ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் இலைகளும் ஒரு காய்ந்த கொப்பும்.

"அதுல என்ன?" என்று தில்லைநாதன் கேட்டார்.

"பல்லி சேர். வெளிநாட்டுப் பல்லி. வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பம் உட்டுட்டுப் போச்சு. விக்கப் பாத்தேன். வாற ஆக்கள் எல்லாம் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க. பல்லிக்கு யாராச்சும் சல்லி குடுப்பாங்களா?"

குனிந்து பார்த்தார். காய்ந்த இலை என்று நினைத்த ஒன்று கண்ணைத் திறந்தபடி இருந்தது. அதற்கு இமையே இல்லை. இரண்டு கண்ணுக்கும் மேலே மயிர் முளைத்ததுபோல் முள் முள்ளாக ஒரு வரிசை எழுந்து, கழுத்துவரை கொண்டையாகப் போயிருந்தது. அது நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொண்டது.

தில்லைநாதன் நிமிரவில்லை. ஹமீட் கையெழுத்தை முடித்துத் தேநீரும் வரவழைத்துவிட்டார்.

"நீங்க தனியாத்தானே இரிக்கிறீங்க சேர். கொண்டு போங்க. கடிக்காது, சத்தமும் பெரிசா இல்ல. வாழப்பழம், பப்பாப்பழம் பிசைஞ்சி வெச்சா நக்கிட்டுக் கிடக்கும். சூடுதான் ஆகாது. இருவத்தெட்டு டிகிரிக்கு மேல போச்செண்டா தாங்காது. அத மட்டும் பாத்துக்கோங்க."

கொழும்பில் இருபத்தெட்டுக்குக் கீழே இருக்கும் நாட்களை விரலில் எண்ணிவிடலாம். அதை அவர் அப்போது யோசிக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரத்தினம்மா வாசலை மறித்தபடி நின்றார்.

"என்ன தம்பி இது, சுவரிலை கிடக்கிற பல்லியள் போதாதே?"

"இது வேறை சாதி அக்கா. வெளிநாடு."

"வெளிநாட்டாக்கள் எண்டால் பொலிஸ் பதிவிலை போடவேணுமெல்லோ. பேர், ஊர், கொழும்புக்கு வந்த காரணம். ஆர் போய்ப் பதியிறது, நீங்களோ நானோ?"

அந்தக் காலத்தில் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு தமிழரின் பெயரையும் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுக்காரரும் அதற்குப் பொறுப்பு. இரத்தினம்மாவின் பகிடி பாதி பகிடிதான். ஆனாலும் ஒரு நிபந்தனையோடு விட்டார். தான் அறைக்குள் வரும்போது பெட்டி மூடியிருக்க வேண்டும். பல்லி மேலே விழுந்தால் என்னென்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் உச்சி முதல் உள்ளங்கால் வரை அவருக்கு மனப்பாடம்; உச்சிக்குப் போட்டிருப்பது மரணம்.

தில்லைநாதன் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வேலைக்குப் போகுமுன் ஐஸாக உறைந்த தண்ணீர்ப் போத்தலைப் பெட்டியின் வலைமூடி மேல் வைப்பார். மதிய இடைவேளைக்குப் பஸ் பிடித்து வந்து அதை மாற்றிவிட்டுப் போவார். பின்னேரம் இலைகளுக்குத் தண்ணீர் விசிறுவார். அது ஒவ்வொரு துளியாக நக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். தனக்கு மட்டும் சமைக்க அலுத்துப்போய்ப் பாணோடு நாளைக் கழித்துக்கொண்டிருந்தவர், பழம் வாங்கக் கடைக்குப் போகத் தொடங்கினார். போனால் மரக்கறியும் வாங்கி வருவார்.

ஒரு வெப்பமானி வாங்கிப் பெட்டிக்குள் ஒட்டினார். பழக்க தோஷம், எதையும் எழுதாமல் அவருக்கு நம்பிக்கை வராது. ஒரு சின்னக் கொப்பியில் நேரத்தையும் சூட்டையும் குறித்து வந்தார். காலை ஐந்து பத்து, இருபத்தாறரை. மதியம் பன்னிரண்டரை, இருபத்தெட்டு. தலைப்பு இல்லை, பல்லி என்ற சொல் எங்கும் இல்லை. அவருக்குத் தெரிந்த விஷயத்துக்குத் தலைப்பு எதற்கு?

சித்திரை மாதம் ஒரு விடியற்காலை ஒழுங்கை சுற்றிவளைக்கப்பட்டது. அந்தக் கிழமைகளில் பஸ்களில் குண்டு வெடித்திருந்தது. வீடு வீடாகத் தேடினார்கள். தில்லைநாதனின் அறையில் அடையாள அட்டை சரி, பதிவு சரி. பிறகு மேசைமேல் இருந்த கொப்பியை ஒரு பொலிஸ்காரர் விரித்தார். மூன்று மாதத்து நேரங்களும் எண்களும் பக்கம் பக்கமாக இருந்தன.

"இது என்ன?"

"பல்லிக்கு, மாத்தயா." அவருடைய சிங்களத்தில் பிழை பிடிக்க முடியாது. "அந்தப் பெட்டிக்குள் ஒரு பல்லி இருக்கிறது. அதன் சூட்டை எழுதுகிறேன்."

அவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள். வெப்பமானி, போத்தல், இலைகள். பகலில் அது இலையோடு இலையாக ஒட்டித் தூங்கும். தில்லைநாதன் மூடியைத் திறந்து காட்டக் கையை நீட்டினார். நீட்டிய கையை ஒருவர் பிடித்துவிட்டார்.

"சுவர் முழுக்க ஹூனா ஓடுது. இந்த மாத்தயா ஒண்டைப் பெட்டிக்குள்ளே வளர்க்கிறாராம்," என்று மற்றவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கொப்பியைப் பையில் போட்டார். இரத்தினம்மா கதவோரம் நிற்க, தில்லைநாதனை வாகனத்தில் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலையத்தில் பத்து மணியளவில் ஒரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதி கிடைத்தது. நாகேந்திரத்தைத்தான் எடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர் நீதிமன்றத்தில் இருப்பார், மதியம்வரை போனை மூடி வைத்திருப்பார் என்பது இவருக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் தெரியும். போத்தலைக் கடைசியாக வைத்தது விடிய ஐந்து மணிக்கு. பன்னிரண்டுக்கெல்லாம் அந்த அறை முப்பத்திரண்டு தாண்டும்.

அவர் வீட்டுக்கு எடுத்தார்.

"அக்கா, நான் தில்லைநாதன். பன்னெண்டு மணிக்கு மாத்திவிடுங்கோ. இருபத்தெட்டுக்கு மேலை போகவிடாதேங்கோ. மேலே கொஞ்சம் தண்ணி விசிறுங்கோ. மூடியைக் கனக்கத் திறவாதேங்கோ, பாய்ஞ்சிடும்."

"சாப்பிட்டீங்களோ தம்பி?" என்றார் இரத்தினம்மா. அதற்குள் போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

வடக்கில் சேவை செய்து கொஞ்சம் தமிழ் பழகிய ஒரு பொலிஸ்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். கேட்டதை அப்படியே ஒரு தாளில் எழுதி உள்ளே கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் தில்லைநாதனின் இடுப்புப் பட்டியையும் செருப்பையும் கழற்றி வாங்கிக்கொண்டு, கம்பிக் கூட்டுக்குள் விட்டார்கள்.

சீமெந்துத் தரையில் உட்கார்ந்து தன் வார்த்தைகளைத் தானே சிங்களத்துக்கு மாற்றிப் பார்த்தார். வேறு யாருடைய வாக்குமூலமாக அது மேசைக்கு வந்திருந்தாலும் அவரே பயந்திருப்பார்.

பொறுப்பதிகாரி நடுவயதுக்காரர், களைத்த முகம். கம்பிக்கு வெளியே நின்று சத்தம் போடாமல் சொன்னார்: "பின்னேரம் நாலு மணிக்குக் கடதாசி மேலிடத்துக்குப் போகுது. போனால் பிறகு என் கையில் இல்லை. பல்லி இருக்கென்றால் நாலு மணிக்குள் இங்கே வரட்டும்."

மேலிடம் என்றால் என்ன, அங்கிருந்து மனிதர்கள் எத்தனை வருடத்தில் திரும்புகிறார்கள் என்று தில்லைநாதனுக்கு விளக்க வேண்டியதில்லை. இரத்தினம்மா கந்தோருக்கு அறிவித்திருந்ததால் ஒன்றரை மணிக்கு நாகேந்திரம் வந்தார். கதையைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"முப்பது வருசமாக் கோட்டிலை நிக்கிறன், தில்லை. ஒரு பல்லியைச் சாட்சிக்குக் கூப்பிடுறது இதுதான் முதல்தரம். அந்த மனுசி கொண்டருவாவோ?"

"அவ பல்லிக்குக் கிட்டவும் வரமாட்டா," என்றார் தில்லைநாதன். எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று நாகேந்திரம் இரத்தினம்மாவுக்குப் போன் எடுத்தார்.

பிறகு தில்லைநாதன் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார். இரண்டரை, மூன்று, மூன்றேகால் என்று வெளியே யாரோ சொல்லும்போது காதை மூடிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மூன்றரைக்கு இரத்தினம்மா வந்தார். ஓட்டோவில், மடியில் மீன்காரர் ஐஸ் வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டியோடு. இரண்டு காவலரணில் இறக்கி விசாரித்திருக்கிறார்கள். மூடியைத் திறக்கச் சொன்ன இடத்தில், "திறந்தால் உங்கடை தலையிலை விழும்" என்று தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அவர்களும் வற்புறுத்தவில்லை. பல்லியை அவர் கையால் தொடவில்லை. முந்தானையால் தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு, அது தூங்கும் கொப்பை இலையோடு அப்படியே தூக்கி, ஐஸ் போத்தலுக்குப் பக்கத்தில் இறக்கி மூடியிருக்கிறார். இதெல்லாம் பிறகு அவர் சொல்லித்தான் தெரிய வந்தது. அப்போது கம்பிக்குள் இருந்து தில்லைநாதன் கண்டது, அவர் பெட்டியை மேசையில் வைத்ததை மட்டும்தான்.

பொறுப்பதிகாரி மூடியைத் தூக்கினார். ஓட்டோவில் குலுங்கி வந்த பல்லி விழித்திருந்தது. ஒரே பாய்ச்சலில் கோப்புக் கட்டின்மேல், அங்கிருந்து தமிழ் தெரிந்த பொலிஸ்காரரின் தோளில். அவர் ஐயோ என்று உதற, அலுமாரிமேல் தாவி, அங்கிருந்து சுவரேறி, கூரையை ஒட்டித் தலைகீழாய் நின்றது.

அறை காலியாயிற்று என்றே சொல்ல வேண்டும். துவக்கோடு காவலுக்கு நின்றவர் வாசலுக்குப் போனார். எழுதிக்கொண்டிருந்தவர் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். பல்லி விழும் பலன் சிங்களப் பஞ்சாங்கத்திலும் உண்டு. தலைக்கு அதில் போட்டிருப்பதும் நல்ல சொல் அல்ல. பொறுப்பதிகாரி மேசையில் கிடந்த தொப்பியை எடுத்து மெதுவாகத் தலையில் வைத்துக்கொண்டார்.

"யாராவது பிடிங்கோ," என்றார். ஒருவரும் அசையவில்லை. "சரி. அந்த ஆளைத் திறந்து விடு."

தில்லைநாதன் வெறுங்காலோடு வந்தார். அதற்கு நேர் கீழே நின்று கையை விரித்தார். அவசரப்படுத்தினால் அது பயப்படும் என்று தெரியும். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். பல்லி கையைப் பார்த்தது. பிறகு கையை விட்டுவிட்டு, அவருடைய வழுக்கைத் தலையின் நடு உச்சியில் தொப்பென்று விழுந்தது.

"சிவ சிவா," என்றார் இரத்தினம்மா.

தில்லைநாதன் இரண்டு கையாலும் அதைப் பொத்தி இறக்கிப் பெட்டிக்குள் விட்டார். அது முதலில் ஐஸ் போத்தலை நக்கியது.

பொறுப்பதிகாரி கொஞ்ச நேரம் அவருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளொன்றில் ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கினார். "வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளியுங்கோ, மாத்தயா," என்றார் தணிந்த குரலில். "கோயில் இருந்தால் கோயிலுக்கும் போங்கோ." கொப்பியைத் திருப்பித் தரவில்லை. காலையில் பொலிஸ் நிலையப் புத்தகத்தில் எழுதிய பெயரையும் வெட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இரத்தினம்மா கிணற்றடிக்கு அனுப்பித் தலையில் பத்து வாளி ஊற்ற வைத்தார். கற்பூரம் கொளுத்தினார். பல்லியை வெளியேற்றச் சொல்வார், அல்லது தன்னையே வெளியேறச் சொல்வார் என்று தில்லைநாதன் எதிர்பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவரே போய் இரத்தினம்மாவின் கதவைத் தட்டினார்.

"அக்கா, ஒருக்கா வாறீங்களோ? வாழைப்பழம் எவ்வளவு பிசையிறதெண்டு காட்டுறன்."

"எனக்கேன் அது?"

"சும்மா. தெரிஞ்சிருக்கட்டும்."

இரத்தினம்மா வாசலில் நின்று அவரைப் பார்த்தார். அவருடைய கண் ஒருமுறை தில்லைநாதனின் உச்சந்தலைக்குப் போய்த் திரும்பியது. தில்லைநாதனுக்குத் தலையில் விழுந்த பல்லியில் பயமில்லை. புத்தகத்தில் ஏறிய பெயரில்தான் பயம். எத்தனையோ பேருடைய பெயர் இரண்டாம் தரமும் கூப்பிடப்பட்டதை அவர் மொழிபெயர்த்திருக்கிறார். இரண்டு பேரும் பயந்தது ஒன்றுக்குத்தான்: ஒருநாள் அவர் போய்த் திரும்பி வராமல் விடுவதற்கு.

இரத்தினம்மா முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் வந்தார். பிசைந்த பழத்தைச் சின்ன மூடியில் வைத்தார். ஐஸ் போத்தலை எப்படிச் சாய்த்து வைப்பது, கண்ணாடியில் புறங்கையை வைத்தால் சூடு எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தில்லைநாதன் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று சொல்லிக் கொடுத்தார்.

"இவ்வளவும் காணுமோ?" என்று இரத்தினம்மா தண்ணீர் விசிறியபடி கேட்டார்.

"இன்னும் கொஞ்சம், அக்கா. அந்த மூலைக்கும்."

அவர் அந்த மூலைக்கும் விசிறினார்.