ரேப்பு ரா

போன வாரம் ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் பிச்சாட்டூர் வீட்டுக்கு ஒரு கான்ட்ராக்டரை அழைத்துப் போயிருந்தேன். கூரையில் கான்கிரீட் பெயர்ந்து, துரு ஏறிய கம்பி பல்லைக் காட்டுகிறது. பூசி மெழுகிப் பிரயோசனமில்லை, இடித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். எஸ்டிமேட் எப்போது என்று கேட்டேன். ஃபோனைப் பார்த்துக்கொண்டே, "ரேப்பு வஸ்தா சார்" என்றார். நாளைக்கு வருகிறேன் என்று தெலுங்கில் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் சட்டென்று வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

இந்தக் கூரைக்கு முன்னால் அங்கே இருந்தது நாட்டு ஓடு. எனக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் வேலை கிடைத்த புதிது. சட்டையை பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு ஊருக்குப் போனால் ஓட்டு வீடு கண்ணை உறுத்தியது. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இளைப்பு. மழை கழியட்டும், தை மாதத்தில் பிரிக்கலாம் என்றார். ரிசப்ஷனில் உட்காருகிறவனுக்குத் தெரியாததா மழையைப் பற்றி? புரட்டாசியிலேயே உள்ளூர் மேஸ்திரியைப் பிடித்து ஓட்டைப் பிரிக்க வைத்துவிட்டேன். கான்கிரீட் ஊற்ற அடியில் முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் பலகைகள் வேறொரு வீட்டில் மாட்டியிருந்தன. அங்கே கழற்றியதும் நேராக இங்கேதான் என்றார் மேஸ்திரி. அதுவரை தலைக்கு மேலே லாரித் தார்ப்பாய்.

அந்த நாட்களில்தான் பேய்ப் புரளி கிளம்பியது. ஒரு பெண் பேய் பொழுது சாய்ந்ததும் தெரிந்தவர் குரலில் வாசலில் நின்று கூப்பிடுமாம். பதில் சொன்னால் ஆள் காலி. கதவில் தெலுங்கில் 'ஓ ஸ்த்ரீ ரேப்பு ரா', அதாவது 'பெண்ணே, நாளைக்கு வா' என்று எழுதிவிட்டால், பேய் தினமும் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். லாட்ஜில் கேட்ட இந்தக் கதையைக் கண் காது மூக்கு வைத்து வீட்டில் சொன்னவன் நான்தான். அம்மாவுக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. என்னை எழுதச் சொன்னாள். திருப்பதி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. 'ஓ ஸ்த்ரீ'யை விட்டுவிட்டு 'ரேப்பு ரா' என்று மட்டும் கிறுக்கினேன். பேய்க்கு அது போதாதா என்ன.

"மேல கூரையே காணோம், பேயி கதவாண்டதான் வருமா?" என்றார் நைனா. சிரித்தோம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி வரவில்லை. பெங்களூரில் வேலை என்று போய்விட்டாராம். அப்போது கரண்டி பிடித்தவர்களெல்லாம் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் நைனாவின் கட்டிலிலேயே இறங்கியது. இளைப்பு மார்ச்சளியாகி, சளி ஆஸ்பத்திரியாகி, நைனா வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த பிறகு வந்த மேஸ்திரியின் சட்டையைப் பிடித்தேன். அவர் கையைக்கூடத் தட்டிவிடவில்லை.

"வந்தன் தம்பி. பொழுது சாயறப்ப டிராக்டர்ல பலகை ஏத்திக்கினு வந்தன். உங்க நைனாவ மாமா, மாமான்னு கூப்ட்டன். ஆரும் பேசல. மத்த வூட்டுக் கதவுல ஓ ஸ்த்ரீன்னு கீது, அது பேய்க்கு. உன் கதவுல அது இல்ல. நீ எனக்குத்தான் ரேப்பு ரான்னு எழுதி வச்சிக்கிறேன்னு நெனச்சி திரும்பிட்டன். மறுநாளே பெங்களூர்ல கூப்ட்டாங்க, பலகையோட போய்ட்டன்."

சட்டையை விட்டேன். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினேன். அவரும் வாயைத் திறக்காமல் நல்ல கூரையாகவே போட்டுக் கொடுத்தார்.

இப்போது அந்தக் கதவு இல்லை. எந்தக் கதவிலும் அந்த எழுத்து இல்லை. போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள். கான்கிரீட்டுக்குக் கீழே உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம் அந்தச் சாயங்காலத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"மேஸ்திரி கொரல்லயே கூப்ட்டுச்சி. உங்க நைனா ஏமாந்து பதில் சொல்லப் போனாரு. நான்தான் வாயப் பொத்தினேன். இல்லன்னா அன்னிக்கே போயிருப்பாரு. இன்னும் பதினஞ்சி நாளு வச்சிக்கினு இருந்தேன்டா."

ஆமாம்மா என்பேன். இனி அப்படிச் சொல்லவும் எனக்கு ஆள் இல்லை.