அம்மா கிள்ளிய டேலியா

டேலியாச் செடியின் நுனியைக் கிள்ளினால் 'ணொக்' என்று ஒரு சத்தம் வரும், தண்ணீர் நிரம்பிய இளந்தண்டு உடைகிற சத்தம், அதைத் தொடர்ந்து பச்சைக் கேரட்டை ஒடித்தது போல ஒரு வாசனை. அந்தச் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டபோது, வேலம்பாளையத்து லைன் வீடுகள் அத்தனைக்கும் கேட்கும்படி அலறினேன். ஊட்டியிலிருந்து வந்த கிழங்கை மண்ணில் வைத்த நாள் முதல், காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் நான் ஓடிப்போய்ப் பார்த்த செடி அது. அதன் தலையை எங்கள் அம்மா இரண்டு விரலால் கிள்ளிக் கீழே போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் போலக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, எதுக்கு இப்படிக் கத்துத? நாலு சோடி இலை வந்ததும் கொழுந்தக் கிள்ளணும்னு கிழங்கு வித்தவரு சொன்னாருல்லா. அப்பத்தான் பக்கக் கிளை வரும்."

நான் அப்போது ஏழாம் வகுப்பு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர்; அம்மாவுக்கு இன்னொரு கம்பெனியில் 'பிசிறு வெட்டுகிற' வேலை, அதாவது தைத்து வரும் துணியில் துருத்தி நிற்கும் நூல்களைச் சின்னக் கட்டரால் நறுக்குவது. அந்தக் கம்பெனியில் எல்லோரையும் பஸ் வைத்து ஊட்டிக்குக் கூட்டிப்போனபோது, மற்றவர்கள் வர்க்கியும் தைலமும் வாங்க, அம்மா இரண்டு டேலியாக் கிழங்குகளோடு வந்து இறங்கினாள். தண்ணீர்த் தொட்டியருகே பூந்தொட்டி வைக்க இடம் கொடுத்த வீட்டுக்காரர் ருக்மணி அம்மாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. அவரை நாங்கள் எல்லோரும் 'ஓனரம்மா' என்றுதான் கூப்பிடுவோம்.

என் அலறலைக் கேட்டு வந்த ஓனரம்மா, கீழே கிடந்த கொழுந்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஏம்புள்ள ஸ்டெல்லா, வளர்ற செடியோட தலைய ஆராச்சும் கிள்ளுவாங்களா? என்ற செடிப் பக்கம் கைய கொண்டு வந்துறாத சாமி!"

அன்றைக்கே போட்டி தொடங்கிவிட்டது. ஓனரம்மாவின் செடி நெட்டையாக என் தோள் வரை வளர்ந்தது. எங்களுடையது கிள்ளிய இடத்துக்குக் கீழிருந்து இருபுறமும் கிளை விட்டு, இடுப்பளவில் புதராக அகன்று நின்றது. லைன் வீடுகள் இரண்டாகப் பிரிந்து நெட்டைக் கட்சி, குட்டைக் கட்சி என்று வாய்ச்சண்டை போட்டன. கடைசி அறையிலிருந்த பீகார்க்காரர்கள்கூட ஷிப்ட் முடிந்து வரும்போது, "ஃபூல் ஆயா க்யா?" என்று பூ வந்ததா என விசாரித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மழைக்காற்றில் நெட்டைச் செடி சாய்ந்தபோது, கட்சியை மறந்து ஓடிப்போய்க் குச்சி நட்டு, பனியன் வேஸ்ட் துணியால் அதைக் கட்டி நிறுத்தியவள் நான்தான். எனக்குப் பூ வேண்டும். எந்தச் செடியானாலும் சரி!

இதற்கிடையில் எங்கள் அப்பா ஒரு காரியம் செய்துவிட்டார். எதையும் கொஞ்சம் பெரிதாகவே பேசுகிற மனிதர். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், கிறிஸ்மஸ் ராத்திரி பீடத்துக்குப் பூ எங்கள் வீட்டு டேலியாதான் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அம்மா பிசிறு வெட்டும் கட்டரோடு செடியருகே உட்கார்ந்து, கிளை நுனியில் மும்மூன்றாக வந்திருந்த பட்டாணி மொட்டுகளில் நடுவிலிருந்ததை மட்டும் விட்டுவிட்டுப் பக்கத்து இரண்டையும் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"நான் பூ குடுக்கதா சொல்லிட்டு வாரேன், நீ மொட்ட வெட்டிக்கிட்டு இருக்க!"

"மூணையும் விட்டா மூணும் சூம்பிப் போவும். ஒண்ணு நின்னாப் போதும், அது தட்டு அளவுக்குப் பெருசா வரும்" என்றாள் அம்மா, நிமிர்ந்து பார்க்காமலே.

பெரிது வரும்தான். ஆனால் நுனி கிள்ளிய செடி தாமதமாகத்தான் பூக்கும் என்பதைக் கிழங்கு விற்றவர் சொல்லவில்லை, அல்லது அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் எங்கள் மொட்டுகள் இறுக்கமாக வாய்மூடி இருந்தன. ஓனரம்மாவின் நெட்டையிலோ உச்சியில் ஒரே ஒரு பூ, அரக்குச் சிவப்பில், முழுதாக விரிந்து நின்றது. நெட்டைக் கட்சி விசிலடித்தது. அப்பா சட்டைகூட மாற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஓனரம்மா ஒரு சொம்பில் தண்ணீரும் அதில் அந்தப் பூவுமாக வந்து நின்றார். அம்மா பதறிப்போனாள். "ஐயோ, இருந்தது அது ஒண்ணுதானம்மா!"

"புடி கண்ணு. வாக்குக் குடுத்துட்டு வெறுங்கையோட போவாங்களா? ஆனா ஒண்ணு, ஆரு செடின்னு கேட்டா என்ற பேரைச் சொல்லிப் போடோணும்."

அப்பா சொன்னார். கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். பூசை முடிவில் சாமியார் நன்றி சொன்னபோது ஒலிபெருக்கியில் 'ருக்மணி அம்மாள்' என்று கேட்டதும், நான் பெஞ்சிலேயே குதித்துவிட்டேன்.

பொங்கலன்று காலையில் எங்கள் செடி வெடித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை! கிளைக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், பனி சொட்டச் சொட்ட அரக்குப் பூக்கள். நான் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே ஓடினேன். பீகார்க்காரர்கள் போனில் படம் பிடித்தார்கள். அம்மா கட்டரை எடுத்து ஒரு பூகூட மிச்சமில்லாமல் வெட்டி, தாம்பாளத்தில் அடுக்கி, ஓனரம்மாவின் பொங்கல் பானைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருசம் என்ற செடியவும் நீயே கிள்ளிப் போடு புள்ள. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்."

ஓனரம்மா பிற்காலத்தில் ஊத்துக்குளியில் மகள் வீட்டோடு போய் இருந்து, அங்கேயே காலமானார். லைன் வீடுகளை இடித்துவிட்டு இப்போது மூன்று மாடியில் நிட்டிங் கம்பெனி நிற்கிறது. தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் ஜெனரேட்டர் உறுமுகிறது. போன மாதம் அந்த வழியாகப் போகும்போது என் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, அம்மா கேட் முன்னால் வெகுநேரம் நின்றாள். வாட்ச்மேன் வந்து யார் வேண்டும் என்று கேட்டார்.

"ஆரும் வேண்டாமுங்க" என்றாள் அம்மா. "இங்கதானுங்க எங்க ஊடு இருந்துச்சு."

தூத்துக்குடிக்காரி வாயில் 'வீடு' எப்போது ஓனரம்மா சொல்வது போல 'ஊடு' ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.