சின்னக் கைப் பிடியரிசி

எங்கள் மாமிக்கு, அதாவது அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அக்காவுக்கு, ‘வேண்டாம்’ என்ற சொல் மட்டும் காதில் விழாது. மற்றபடி நல்ல காதுதான். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் அந்தச் சொல்லை அவரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவர்கள் பலர். அத்தாவும் அவர்களில் ஒருவர்.

மிளகுக் கிட்டங்கியை ஒட்டியிருந்த கொட்டகையில் மாமி தினமும் மதியம் கஞ்சி காய்ச்சினார். மூட்டை தூக்க முடியாமல் போன சுமைக்காரர்கள், கண் மங்கியதால் சுக்குப் புடைக்கும் வேலையை இழந்த பெண்கள் எனப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள் அங்கே வந்து சாப்பிடுவார்கள். அரிசி தெருவிலிருந்து வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும் முன் அம்மாக்கள் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அதுதான் பிடியரிசி.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஊரில் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் அரைப் பையோடு திரும்பினார்கள். எங்கள் வீட்டில் காலையிலும் மரவள்ளிக் கப்பை, ராத்திரியும் கப்பை. கலயத்தில் விழும் பிடி இளைத்துக்கொண்டே போய், கஞ்சியில் அரிசியைத் தேட வேண்டியதாயிற்று. மாமி கப்பையை நறுக்கிப் போட்டும் பார்த்தார். வயிறு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள்.

ஒருநாள் தெருப் பெண்கள் சேர்ந்து கொட்டகைக்கு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி எங்கள் தெருவின் மலையாளம் கலந்த தமிழில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அக்கா, கிட்டுற அரி குட்டிகளுக்கே தெகயல. கொறச்சு நாளைக்கு நிறுத்திவைப்போமே.”

“நிறுத்தலாமே. வயசானவங்க பசியையும் கொறச்சு நாளைக்கு நிறுத்திவைக்கணும்னு நீயே போய்ச் சொல்லிட்டு வா” என்றார் மாமி.

பிறகு மாமி குரலைத் தணித்துக்கொண்டார். “சரி, இனி நீங்க யாரும் அள்ள வேண்டாம். வீட்டில எளைய குட்டி அள்ளட்டும். அந்தக் கையில எத்தற அரி கொள்ளும்? அது போதும் எனக்கு.”

பெண்களின் முகம் தெளிந்தது. எனக்கோ மாமியின் கணக்கு விளங்கவே இல்லை. பானை நிறையவில்லை என்று அழுகிறவர் யாராவது சின்னக் கையைக் கேட்பார்களா?

ஆனால் எங்கள் வீட்டில் இளையவள் நான். மறுநாள் முதல் என் நடையே மாறிவிட்டது. அள்ளிய அரிசியைக் கையிலேயே ஏந்தி, சிந்தாமல் கொட்டகைவரை கொண்டுபோய்ப் பானையில் போட வேண்டும் என்பது மாமியின் சட்டம். எதிர்வீட்டுப் பையன் குவித்துக்கொண்டு வந்தால் நான் அதைவிடக் குவித்தேன். விரல்களை இறுக்கி ஒட்டி, அடியிலிருந்து தோண்டி அள்ளினால் ஒருமணிகூட நழுவாது என்று கண்டுபிடித்தேன். கஞ்சிக்குக் காத்திருந்த கிழவர் ஒருவர் என் கையைப் பார்த்து, “யம்மாடி! இந்தக் கை எங்க காலத்தில இருந்திருந்தா மூட்ட தூக்கச் சேத்திருப்பாங்க” என்றார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் அள்ளும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பாள். சில நாள் அவள் கை என்னைத் தடுப்பதுபோல நீளும். பிறகு தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிடும். அம்மாவுக்குத் தலையில் துணி நிற்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்கக் கொட்டகை அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. கஞ்சியில் மறுபடியும் அரிசி தெரிந்தது.

பிறகு கப்பலில் அரிசி வந்தது. கடைகளில் மூட்டைகள் தெரிந்தன. பழையபடி அம்மாக்களே அள்ளட்டும் என்று மாமி எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டார். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். பலிக்கவில்லை. அம்மா நிறைந்த அரிசிப் பானைக்குள் கைவிட்டு, தட்டுப்பாட்டு நாளில்போலவே விரல்களைச் சுருக்கி ஒரு பிடி எடுத்தாள். எட்டிப் பார்த்தேன். என் பிடியைவிடச் சின்னதாக இருந்தது.

“மாமி, இங்க பாருங்க! இத்தற பெரிய கைய வச்சுக்கிட்டு அம்மாக்கு அள்ளவே தெரியல!” என்று கத்திச் சிரித்தேன்.

மாமி சிரிக்கவில்லை. அம்மாவின் அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்சநேரம் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். என் நகைச்சுவை அவருக்குப் புரியவில்லை என்று எனக்கு ஒரே கோபம்.