சரியா உம்மா?

இன்று கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளம் தாய். மடியில் சின்ன மகள்.

ஜன்னலுக்கு வெளியே தெரிவதையெல்லாம் தாய் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அது என்ன?"

"ஆடு."

"சரி. அது?"

"கழுத."

"சரி."

விளையாட்டு என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

நுரைச்சோலையில் மின்சாரம் எடுக்கும் பெரிய காற்றாடிகள் தெரிந்ததும் பிள்ளை மடியிலேயே எழும்பி நின்றாள். "உம்மா, அத ஆரு சுத்துற?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க மகள். இங்க பாருங்க, இது என்ன கலர்?"

நாளைக்கு நேர்சரியில் பரீட்சையாம். நாலு வயதுக்கு! புள்ளிகளை வட்ஸ்அப் குழுவில் போடுவார்களாம். "மத்தப் புள்ளைகள்ட உம்மாமார் எல்லாரும் பாப்பாங்க" என்றார் தாய். மகளைவிட அவர்தான் பயந்துபோயிருந்தார்.

பிள்ளையைச் சிரிக்க வைக்கலாம் என்று, "ஒங்கட பேரென்ன மகள்?" என்று கேட்டேன்.

அவளுடைய முகம் வெளிறிவிட்டது. என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

"ஆயிஷா" என்றாள் மெல்ல. பிறகு தாயிடம் திரும்பி, "சரியா உம்மா?"



என் மகனுக்கு மூன்று வயது. ஜனவரியில் அவனும் நேர்சரிக்குப் போக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டான். "இந்தச் சட்ட என்ன கலர்?" என்று கேட்க வாயெடுத்து, அப்படியே விழுங்கிவிட்டேன்.

எனக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்றை அவனிடம் கேட்க வேண்டும் என்று அப்போதிருந்து யோசிக்கிறேன். ஒன்றுகூட வருகுதில்லை.

உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள். புள்ளி போட மாட்டேன்.