ஏட்டய்யா தட்டிய கதவு

பேய் என்றதும் சிரிக்கிறவர்கள் ஒரு தடவை எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் வண்டிகளின் வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு பேசுவோம். இது தண்டையார்பேட்டை ஜுபைருக்கு நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. கப்சா விடுகிற ஆள் இல்லை அவன். டீக்கடையில்கூட டீ குடிக்க மட்டும்தான் வாயைத் திறப்பான்.

ஜுபைர் டிரெய்லர் டிரைவர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகிறவன். கேட் வரைக்கும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் நகரும். நடுவில் டிரைவர்கள் ஸ்டியரிங்கிலேயே தலை வைத்துத் தூங்கிவிடுவார்கள். ஒருத்தன் தூங்கினால் பின்னால் நூறு வண்டி நிற்கும்.

அவர்களை எழுப்புவதற்கென்றே பிறந்தவர் மாதிரி ஒரு போக்குவரத்து ஏட்டு இருந்தார். ஆறுமுகநயினார். தென்காசிப் பக்கத்து ஆள். லத்தியால் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக்... டக். "எந்திரிலே... லைன் போவுது." இருபது வருஷம் வடசென்னையில் குப்பை கொட்டியும் அவரை விட்டு அந்த 'லே' போகவில்லை. டிரைவர்களுக்கு அவர் மேல் பயமும் உண்டு, பாசமும் உண்டு.

போன வருஷம் ஆகஸ்ட். ஒரு புதன்கிழமை. மதியம் 2.50. ஜுபைருக்கு முன்னால் நின்ற வண்டி நகரவில்லை. டிரைவர் நல்ல தூக்கம். ஜுபைருக்குப் பசி, எரிச்சல். ஹாரனில் கையை வைத்து அழுத்தினான். நீளமாக அழுத்தினான். முன் வண்டி குலுங்கிக் கிளம்பியது. அதன் மூக்குக்குக் கீழே ஏட்டய்யா இருந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வண்டிக்கு முன்னால் நாலடி தரை தெரியாது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கவே வேலையில்லை. அங்கேயே முடிந்துவிட்டது.

முன் வண்டி டிரைவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹாரன் அடித்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹாரன் அடிப்பது குற்றமா என்ன? ஆனால் தன் கைதான் அவரைக் கொன்றது என்று ஜுபைர் நம்பினான். மனைவி சாபிராவிடம்கூட அதைச் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் பாயில் புரண்டான். "இன்னாத்துக்கு இப்டி உருண்டுகினே கீற?" என்று அவள் கேட்டால், புழுக்கம் என்பான். மார்கழியிலும் புழுக்கம் என்றான்.

அன்றிலிருந்து அவன் ஹாரனைத் தொடுவதில்லை. வண்டியை எடுக்கும் முன்னால், ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய் முன்பக்கம் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். பத்தடி நகர்த்தவும் இறங்குவான். பின்னால் இருப்பவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். 'படிக்கட்டு பாய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு உயிர் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் அவன் கவலை.

இந்த வருஷம் ஜூலை. அதே சாலை. கிட்டத்தட்ட அதே இடம். வானம் மூடியிருந்தது. கடல் காற்று மணலை வாரி அடித்தது. மணி 3.10. ஜுபைருக்குக் கண் அசந்துவிட்டது.

டக்... டக்.

இடது பக்கக் கதவு. திடுக்கிட்டு விழித்தான். அந்தப் பக்கம் அலை தடுக்கும் கருங்கல் குவியல். அதற்கப்பால் கடல். ஆள் இல்லை.

3.14. மறுபடியும்.

டக்... டக்.

இந்தத் தடவை கதவின் தகரம் அதிர்ந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தான். வண்டியின் நீளத்துக்கும் வெறும் சாலை...

3.17. முன் வண்டி நகர்ந்து போய்விட்டது. நடுவில் ஐம்பதடி காலி. ஆனால் பின்னாலிருந்து ஒரு ஹாரன்கூட வரவில்லை. இரண்டு நொடி தாமதித்தாலே காது கிழிகிற வரிசை அது.

டக்... டக்.

சத்தம் வெளியே இல்லை.

வண்டிக்குள்ளே.

"எந்திரிலே..."

அதே குரல். அதே 'லே'.

"லைன் போவுது."

கை தானாகக் கியருக்குப் போனது. கால் கிளட்சை மிதித்தது. வண்டி உறுமியது...

பழக்கம்தான் காப்பாற்றியது. இறங்கினான். முன்பக்கம் போனான்.

பம்பருக்கு அடியில் ஒரு முதுகு.

முகத்துவாரக்குப்பத்துக் கெங்கம்மா. வண்டிகளுக்கு நடுவே டீ விற்கிறவள். குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"இங்க இன்னாம்மா பண்ற?"

"காத்துல கப்பு பறந்துகிச்சு நைனா. பொறுக்கிகினு கீறேன். நீ இன்னா, பேயடிச்ச மாரி நிக்கிற?"

"போலீஸ்காரரு யாராச்சும் வந்தாரா?"

"ஒருத்தரும் வர்லியே..."

ஜுபைர் அங்கேயே உட்கார்ந்து அழுதான். ஏட்டய்யாதான் எச்சரித்திருக்கிறார். கெங்கம்மாவைக் காப்பாற்றியிருக்கிறார். தன்னை மன்னித்தும் விட்டார்! அப்படித்தான் அவனுக்குப் பட்டது. ஏறி உட்கார்ந்து, காலியான இடது சீட்டைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ் ஏட்டய்யா" என்றான். அன்று ராத்திரி ஒரு வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினான்.

அதற்கப்புறம் அவன் இறங்கிப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஏட்டய்யா பார்த்துக்கொள்வார் என்று ஒரு தைரியம். கதவு தட்டினால் எழுந்துகொள்ளலாம் என்று நிம்மதியாகக் கண்ணையும் மூடினான்.

ஆகஸ்ட்டில் முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. போக்குவரத்து போலீஸ் பூத் பக்கத்தில் ஏட்டய்யா படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். ஜுபைர் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு, ரோஜா மாலையோடு போனான். அங்கே கான்ஸ்டபிள் பகலவன் நின்றிருந்தார். ஏட்டய்யாவோடு ஆறு வருஷம் வேலை பார்த்தவர். அவரைத் தனியே கூப்பிட்டு, அடக்கி வைத்திருந்ததை ஜுபைர் கொட்டிவிட்டான்.

"நான் ஹாரன் அடிச்சதாலதான் சார் அந்த டிரைவர் பதறிப்போய் வண்டிய எடுத்தான். ஏட்டய்யாவ கொன்னது நான்தான்."

பகலவன் புரியாமல் பார்த்தார்.

"ஹாரனா? அவன் வாக்குமூலத்த எழுதினதே நான்தான்பா. ஹாரன்னு ஒரு வார்த்த சொல்லல."

"அப்புறம்... எதுக்கு எடுத்தானாம்?"

"ஏட்டய்யாவே கதவ ரெண்டு தட்டு தட்டி, 'எந்திரிலே, லைன் போவுது'ன்னு சொன்னாராம். அதான் எடுத்தேன்னு அழுதான். பொய் சொல்றான்னு நெனச்சோம். எதிர்த்தாப்ல குடோன் கேமராவுல பார்த்தா, கதவாண்ட யாருமே இல்ல."

ஜுபைர் வரிசையில் நின்ற தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்போ... அந்த நேரத்துல ஏட்டய்யா எங்க இருந்தாரு?"

பகலவன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வண்டிக்கு முன்னாடி. குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிகினு இருந்தாரு. உயிரோட."